கச்சான் விழவும்

மே 15, வியாழன்

பழைய நோட்டு தீர்ந்துவிட்டது. புது நோட்டின் முதல் பக்கத்தில் யார், எங்கே என்று எழுதிவைப்பது என் வழக்கம். பல வருடம் கழித்து இதைப் படிக்கப்போகிற நான் எனக்கே அந்நியமாக இருப்பேன். அவளுக்கு உதவும்.

எங்கே: தூத்துக்குடியிலிருந்து பாம்பனுக்குப் போகும் வழி. ஒரு தீவின் மறைவில் நங்கூரம் போட்டிருக்கிறோம். யார்: அப்பாவும் நானும். படகின் பெயர் மாலதி. ஒற்றைப் பாய்மரம். இரண்டு பேர் படுக்கலாம், மூன்று பேர் என்றால் சண்டை வரும். கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, தூத்துக்குடியில் யாரோ விற்ற இந்தப் படகைப் பேர் மாற்றாமல் வாங்கினார். படகின் பேரை மாற்றக் கூடாது என்று கப்பல்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. அம்மாவுக்கு அந்த நம்பிக்கை இல்லை. "அந்த மாலதியைச் சென்னைக்குக் கூட்டிட்டு வரப்போறீங்களா, இல்ல அங்கயே குடித்தனமா?" என்று கேட்டுக் கேட்டுக் கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தாள். இந்தக் கோடைக்குள் அப்பா படகைப் பத்திரமாகச் சென்னைக்குக் கொண்டுவந்துவிட்டால் மாலதி எங்களோடு இருக்கலாம். நடுவில் எங்காவது மாட்டிக்கொண்டால், அங்கேயே யாரிடமாவது தள்ளிவிட்டு பஸ் ஏறி வர வேண்டும். அதற்குப் பிறகு கடல் என்ற பேச்சே வீட்டில் எழக்கூடாது.

அப்பாவுக்கு ஒரு துணை வேண்டும் என்று அம்மா என்னிடம் சொன்னாள். சம்யுக்தாவுக்கு ஒரு மாற்றம் வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னாளாம். எதிலிருந்து மாற்றம் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எனக்குப் பதிப்பகத்தில் பிழை திருத்துகிற வேலை. விடுப்பு கேட்டபோது, "நீங்க இல்லாத மாசம் பிழையெல்லாம் சந்தோஷமா இருக்கும்" என்று சொல்லியபடியே முதலாளி கையெழுத்துப் போட்டார்.

இன்று மதியம் இன்ஜின் சூடேறி எச்சரிக்கை மணி கீச்சுக் கீச்சென்று கத்தியது. அப்பா அதற்கு மேலேயே உட்கார்ந்து எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தார். நான் முன்பக்கத்திலிருந்து ஓடிவந்து அணைத்தேன். தண்ணீர் உறிஞ்சும் குழாயில் பாசி அடைத்திருந்தது. அதைச் சுத்தம் செய்தபடி அப்பா, "நல்லவேளை, நீ பார்த்த" என்றார்.

பார்க்கவில்லை, கேட்டேன். அந்த மணியின் சத்தம் சின்னதுதான்.

மே 16, வெள்ளி

நாள் முழுக்க நல்ல காற்று. எழுத ஒன்றுமில்லை என்பதே எழுத வேண்டியது.

மே 17, சனி

பாம்பன் தீவின் தெற்குக் கரையில் குந்துகால். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் ஒன்றோடொன்று தோளுரசிக் கட்டிக் கிடக்கின்றன. கல்யாண மண்டப வாசலில் செருப்புகள் மாதிரி. எங்களுக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை. தள்ளி, ஒரு தீவின் ஓரமாக நிற்கிறோம்.

இங்கிருந்து பாலம் தெரிகிறது. ரயில் பாலத்தின் நடுப்பகுதியைத் தூக்கினால்தான் பாய்மரம் உள்ள படகு தெற்குக் கடலிலிருந்து வடக்குக் கடலுக்குப் போக முடியும். அது கேட்டவுடன் தூக்குகிற பாலமில்லை. போக வேண்டிய படகுகள் சேர வேண்டும், ரயில் இல்லாத நேரம் அமைய வேண்டும், அனுமதி வர வேண்டும். படகுக்காரர்களுக்குத் தகவல் சொல்வதும், முன்னால் தன் வள்ளத்தில் போய் வழி காட்டுவதும் சேசுராஜா என்கிற உள்ளூர்க்காரர். அப்பாவின் போன் எண் அவரிடம் இருக்கிறது. படகின் ரேடியோ என் பொறுப்பு. "உனக்குத்தான் தமிழ் நல்லா வரும்" என்று முதல் நாளே அப்பா அதை என்னிடம் ஒப்படைத்துவிட்டார். ரேடியோவில் யாரும் செந்தமிழ் பேசுவதாகத் தெரியவில்லை.

பிற்பகலில் கச்சான் ஆரம்பித்தது. மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு இங்கே அதுதான் பேர். ஆரம்பித்தால் பிய்த்துக்கொண்டு அடிக்கிறது. படகு நங்கூரத்தை இழுத்து இழுத்துப் பார்க்கிறது. ஜூன் நெருங்க நெருங்க இன்னும் பலக்கும் என்று பக்கத்துப் படகிலிருந்தவர்கள் சொன்னார்கள். அதிக நாள் இங்கே தாக்குப்பிடிக்க முடியாது.

அம்மா போன் செய்தாள். அம்மாவின் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை, போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தாலும் தெளிவாக வரும்.

"அப்பா கேக்குறாரா?"

"எங்க கேக்குறாரு. உப்பு கம்மியா போடுங்கன்னா கேக்கறதில்ல. வெயில்ல நிக்காதீங்கன்னா அதுவும் கேக்கறதில்ல."

"ம்" என்றாள் அம்மா. அம்மாவிடமிருந்து ஒற்றை எழுத்துப் பதில் வருவது அபூர்வம்.

மே 18, ஞாயிறு

சேசுராஜா போனில் கூப்பிட்டார். நான் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தேன். அப்பா மேலே காற்றில் நின்று, ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சரி, சரி, ரொம்ப சந்தோஷம்" என்று கத்துவது கேட்டது. பிறகு தலையை உள்ளே நீட்டினார்.

"செவ்வாய்க்கிழமை. கச்சான் எழவும் பாலத்தைத் தூக்கிடுவாங்களாம்."

"எத்தனை மணிக்குப்பா?"

"மணியெல்லாம் சொல்ல மாட்டாங்களாம். காத்துதான் கணக்கு. எழவும்னா எழுந்ததும்னு அர்த்தம், தெற்கத்திப் பேச்சு. உனக்குத் தெரியுமே."

தெரியும். இங்கே காற்று எழுவது வெயில் நன்றாக ஏறிய பிறகு. அப்படியென்றால் நாளை முழுதும் கரையில் வேலைகளை முடித்துக்கொண்டு, செவ்வாய் காலை நிதானமாகக் கிளம்பலாம். இட்லி ஊற்றக்கூட நேரம் இருக்கிறது.

"போனை என்கிட்ட குடுத்திருக்கலாமே" என்றேன்.

"ஏன், எனக்குப் பேச வராதா?"

மே 19, திங்கள்

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும். நாளை நேரம் இருக்காது.

காலையில் ரப்பர் படகில் கரைக்குத் துடுப்புப் போட்டேன். நங்கூரத்தைப் பார்த்துக்கொள்ள அப்பா படகிலேயே இருந்தார். டீசல், கேஸ், குடிதண்ணீர், பாய் தைக்கத் தடித்த நூல், காய்கறி. கிளம்பும்போது அப்பா ஒரு தீப்பெட்டியைக் கையில் திணித்தார். உள்ளே ஒரு பொத்தான் அளவில் தீர்ந்துபோன செல்.

"இதே மாதிரி நாலஞ்சு வாங்கிட்டு வா. ஜி.பி.எஸ்-க்கு."

ஜி.பி.எஸ். படகின் பெரிய பேட்டரியில் ஓடுகிறது. உள்ளே சின்னதாக இன்னொன்று இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ராமேஸ்வரத்துக்கு ஆட்டோ. ஓட்டுநர் நடுத்தர வயது, கண்ணாடியில் என் டீசல் கேனையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"கப்பல்லயா வந்திருக்கீக?"

"படகு. பாய் கட்டினது."

"நீங்களும்…?"

"அப்பாவும்."

"சமையல் நீங்களா?"

"பாதி நாள் அப்பா."

"அப்ப ஓட்டுறது?"

"மாத்தி மாத்தி ஓட்டுவோம்."

கொஞ்ச தூரம் யோசித்தபடி ஓட்டினார். "எங்க வீட்டுல ஒரு ரிமோட்டுக்கே வெட்டுக்குத்து" என்றார்.

ஊருக்குள் நுழைந்ததும் ஒரு விடுதிப் பலகை: 'ஏ.சி. அரைகள் கிடைக்கும்.' பாதி அறைதான் கொடுப்பார்கள் போலும். அடுத்த தெருவில் இன்னொன்று அதையே பார்த்து எழுதியிருந்தது. பிழைகளும் பக்கத்து வீட்டைப் பார்த்துத்தான் வளர்கின்றன. ஓர் எழுத்து மாறினால் அறை பாதியாகிவிடும் என்பதை மனதில் குறித்துக்கொண்டேன். எதையும் பார்த்தால் இப்படிக் குறித்துக்கொள்வது தொழில்வியாதி.

நூலும் காய்கறியும் சீக்கிரம் முடிந்தன. தக்காளியை நான் பொறுக்கிய வேகத்தைப் பார்த்துக் கடைக்கார அம்மாள், "நல்லதா பாத்து எடு தாயி, அவசரப்படாத" என்றாள். நல்லதாகத்தான் எடுத்திருந்தேன். அதை அவளும் ஒப்புக்கொண்டு கறிவேப்பிலையைக் கொசுறாகப் போட்டாள்.

எலக்ட்ரிக் கடையில் தீப்பெட்டியைத் திறந்து காட்டினேன். கடைக்காரர் செல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நம்மகிட்ட வராதும்மா. மெடிக்கல்ல கேளுங்க."

மெடிக்கலில் ஏன் என்று நான் கேட்கவில்லை. எதிர்ச் சாரியில் ஒரு மெடிக்கல் இருந்தது. முதலில் அதைத் தாண்டிப் போய் கேஸ் சிலிண்டர் மாற்றினேன். பிறகு ஒரு லெமன் சோடா குடித்தேன். பிறகுதான் உள்ளே போனேன்.

கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி மாத்திரை அட்டைகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். செல்லைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"யாருக்கு?"

"ஜி.பி.எஸ்-க்கு."

"அது என்ன சீக்கு? நான் கேள்விப்பட்டதில்லையே."

"சீக்கு இல்லைங்க. மெஷின்."

"மெஷினுக்குத்தான். காது மெஷினுக்குப் போடுற செல்லு இது. யாருக்கு, தாத்தாவுக்கா?"

"அப்பாவுக்கு" என்றேன். நான் முடிவு செய்வதற்கு முன்பே வாய் சொல்லிவிட்டது.

அவர் உள்ளே போய் ஓர் அட்டையை எடுத்துவந்தார். ஒவ்வொரு செல்லின் மேலும் சின்னதாகப் பழுப்பு நிற ஸ்டிக்கர். "இதப் பிச்சவொடனே உள்ள தள்ளிறக் கூடாது. பிச்சுட்டுக் கொஞ்ச நேரம் வெளிய வைக்கணும். உள்ள ஓட்டை இருக்கு பாருங்க, அது வழியா காத்து போகணும். காத்து போனாத்தான் உசுரு வரும்."

"காத்துலயா ஓடுது?"

"காத்துலதான் ஓடுது. அப்பா என்ன வேலை?"

"கப்பல்ல இன்ஜினியரா இருந்தாரு."

"அதான்" என்றார் அவர். மீதிச் சில்லறையை எண்ணி வைத்தார்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். அச்சில் ஒரு பிழை கண்ணில் பட்டால், அதற்கு முன் தாண்டி வந்த பக்கங்களிலும் அதே பிழை இருந்தது அப்போதுதான் தெரியும். திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். போய்ப் பார்த்தேன். எச்சரிக்கை மணி. ரேடியோ. நான் சொல்லும் ஜோக்குகளுக்கு ஒரு நொடி தாமதமாக வரும் சிரிப்பு. எப்போதும் என் முகத்துக்கு எதிரே உட்காருவது. கேபினுக்குள்ளேயும் கழற்றாத, காதை மூடுகிற துணித்தொப்பி. இதையெல்லாம் நானே இந்த நோட்டிலும் பழைய நோட்டிலும் எழுதியிருக்கிறேன். எழுதியதால் தெரிந்துகொண்டேன் என்று ஆகிவிடாது.

பக்கத்தில் ஒரு பெண் கூடையோடு உட்கார்ந்து "கச்சான், கச்சான்" என்று கூவினாள். ஈழத்துப் பேச்சு. கூடையில் தோலோடு வறுத்த வேர்க்கடலை.

"கச்சான்னா காத்து இல்லையா?" என்றேன்.

"காத்தை ஆர் பிள்ளை கூடையில வைச்சு விக்கிறது? எங்கட ஊரில கச்சான் எண்டால் இதுதான். இஞ்சத்த சனத்துக்குத்தான் அது காத்து." கூம்பாகச் சுற்றிய காகிதத்தில் அள்ளிப் போட்டாள். "சாப்பிட்டுப் பாருங்கோ. காத்து மாதிரி வயித்தில போய் நிக்காது."

ஒரு கூம்பு வாங்கிப் பையில் வைத்தேன். சாப்பிடத் தோன்றவில்லை.

பாம்பனில் இறங்கி டீசல் கேனோடு நிற்கையில், டீக்கடையிலிருந்து ஒரு குரல்.

"மாலதிதான?"

"இல்லைங்க, என் பேரு…"

"ஒம் பேர யாரு கேட்டா. போட்டு பேரக் கேட்டேன்." வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஜெபமாலை, கையில் டீ கிளாஸ். "நாந்தான் சேசுராஜா. அப்பாட்ட போன்ல வெவரம் சொல்லிட்டேன். ரெண்டு தடவ சொன்னேன், சரி சரின்னாரு. விடியங்காட்டியும் பாலத்துக்குத் தெக்க வந்து நின்னுரணும். கச்சான் விழவும் தூக்கிருவாக."

நான் கேனைக் கீழே வைத்தேன்.

"எழவுமா, விழவுமா?"

"என்னது?"

"கச்சான் எழவும் தூக்குவாங்கன்னு அப்பா…"

டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது. டீக்கடைக்காரரும் ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"யம்மா, கடலுக்குப் போற நேரத்துல எழவு கிழவுன்னு வாயத் தெறக்காத" என்றார் சேசுராஜா. "இந்தக் கரையில எவன் வாயிலயும் அந்தச் சொல்லு வராது. காத்து எடுக்கவும்னு சொல்லுவோம், கெளம்பவும்னு சொல்லுவோம். எழவுன்னா ஒண்ணுதான், பாடை கட்டுறது."

"மன்னிச்சுக்கங்க."

"காத்து எடுத்துருச்சுன்னா பாலத்த எப்புடித் தூக்குறது? விடியக்காலைல காத்து ஒரு நேரம் விழுந்து அடங்கும். அப்பத்தான். முன்னப்பின்ன இல்ல."

"விட்டுட்டா அடுத்தது எப்ப?"

"ரயிலு, ஆபீஸு, படகு எல்லாம் ஒண்ணா கூடணும்ல? ஒரு மாசம் ஆனாலும் கேக்க முடியாது. அதுக்குள்ள காத்து ஒங்க நங்கூரத்தப் பேத்துரும்." டீயை முடித்தார். "அப்பாவுக்கு நல்லா வெளங்கிச்சுல்ல?"

"எங்களுக்கு இப்ப நல்லா விளங்கிடுச்சு" என்றேன்.

துடுப்புப் போடும்போது காற்று முகத்தில் அறைந்தது. வி, எ. ஓர் எழுத்து. அது திருத்தப்படாமல் போயிருந்தால் நாளைக்கு நாங்கள் இட்லி ஊற்றிக்கொண்டிருக்கும்போது பாலம் ஏறி இறங்கியிருக்கும். மாலதியும் அதோடு எங்கள் கையை விட்டு இறங்கியிருப்பாள். சேசுராஜா நேரத்தை மாற்றிவிட்டார் என்று அப்பாவிடம் சொல்லலாம். கஷ்டமில்லாத பொய். ஆனால் சென்னை வரை இன்னும் எத்தனை போன் வரும், எத்தனை பேர் கரையிலிருந்து கத்துவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொய் தயாரிக்க எனக்குப் பொறுமை இல்லை.

படகில் ஏறியதும் முதலில் செல் அட்டையைக் கொடுத்தேன்.

"கிடைச்சுதா?" என்றார் அப்பா.

"கிடைச்சுது. ஸ்டிக்கரைப் பிச்சுட்டுக் கொஞ்ச நேரம் காத்துல வைக்கணுமாம். அப்புறம்தான் போடணுமாம்."

அப்பா அட்டையைப் பார்த்தார். பிறகு என்னை. "ஜி.பி.எஸ்-க்கா?"

"எதுக்கா இருந்தாலும்."

அவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தக்காளியை எடுத்துத் தட்டில் அடுக்க ஆரம்பித்தார். நான் அவர் எதிரே போய் உட்கார்ந்தேன், முகம் தெரிகிற மாதிரி.

"சேசுராஜாவைப் பார்த்தேன்பா. 'விழவும்'னு சொல்லியிருக்காரு. நாம 'எழவும்'னு வச்சுக்கிட்டோம்."

"நாமளா?"

"நாமதான்."

"நான் கேட்டேன், சம்மு. என் காதால கேட்டேன்." சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். பிறகு குரலை உயர்த்தினார். "காத்து எழுந்தாத்தானே பாய் விரிக்க முடியும்? அதுதானே நியாயம்? அந்த ஆளு உன்கிட்ட மாத்திச் சொல்றான்."

"பாலத்துக்கு அடியில யாருப்பா பாய் விரிப்பாங்க. எல்லாரும் இன்ஜின்லதான் போகணும்."

"முப்பது வருஷம் கப்பல்ல இருந்திருக்கேன்."

"தெரியும். ஆனா இந்தக் கரையில அந்த வார்த்தையே கிடையாதுப்பா. நான் சொல்லிப் பார்த்தேன், டீக்கடையே நின்னு போச்சு. கடலுக்குப் போறப்ப எவனும் எழவும்னு சொல்ல மாட்டானாம். எழவுன்னு கேக்குமாம்."

அப்பா உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். எழவும். எழவு. அவர் தோள் மெல்லக் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிய எனக்கு ஒரு நொடி ஆயிற்று.

"ஞாயித்துக்கிழமையிலிருந்து எழவு எழவுன்னு சொல்லிட்டிருந்திருக்கேன்."

"இட்லிக்கு வேற நாள் பார்த்தோம்."

சிரிப்பு அடங்கியதும் தொப்பியைக் கழற்றித் தலையைத் தேய்த்துக்கொண்டார். காதுக்குப் பின்னால், தோல் நிறத்திலேயே, வளைந்த சின்னக் கருவி. கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார். "தூத்துக்குடியிலேயே செல் தீர்ந்து போச்சு. காத்துல இது வேற இரையும். வேணாம்னே விட்டுட்டேன்." அதைத் தட்டின் ஓரம் வைத்துவிட்டு, "இன்ஜின் ரூம்ல போன காது இது. அங்க யாருக்கும் யாரும் பேசுறது கேக்காது. கையாலதான் பேசுவோம்."

"அப்ப நாளைக்கும் கையாலயே பேசுவோம். இன்ஜின் சத்தத்துல எனக்கே ஒண்ணும் கேக்காது. நான் முன்னால நிக்கிறேன்."

"உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா மாலதியை இங்கயே விட்டுட்டு வரச் சொல்லுவா."

"நான் யார்கிட்டயும் எதுவும் சொல்றவ இல்லையே" என்றேன்.

இடது, வலது, மெதுவாக, நில், பின்னால். இருட்டுவதற்குள் எங்களுக்குள் ஒரு மொழி தயாராகிவிட்டது. பின்னால் என்பதற்கு அப்பா காட்டிய சைகையைக் கோழி விரட்டுகிற மாதிரி இருக்கிறது என்று மாற்றவைத்தேன். அவர் எழுந்தாலும் எழாவிட்டாலும் விடிவதற்கு முன் இன்ஜினைக் கிளப்புவது என்று முடிவு செய்துவிட்டேன். தெளிவாக இருக்கிறது மனது.

மே 20, செவ்வாய்

என்னை எழுப்பியது சத்தம் நின்றதுதான். இரவெல்லாம் கம்பிகளில் ஊளையிட்டுக்கொண்டிருந்த காற்று இல்லை. மேலே வந்தால், அப்பா எனக்கு முன்பே எழுந்து பாய்மரத்தின் கம்பியில் உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"விழுந்துடுச்சு" என்றார். கம்பியின் அதிர்வு நின்றதைக் கையால் கேட்டிருக்கிறார்.

நங்கூரத்தை நான் எடுத்தேன். வெளுக்கும்போது பாலத்துக்குத் தெற்கே நாலைந்து படகுகளோடு நாங்களும் நின்றோம். முதலில் ஒரு சங்கு. பிறகு பாலத்தின் நடுப்பகுதி, எந்த அவசரமும் இல்லாமல், இரண்டு பக்கமும் சமமாக மேலே ஏறியது. சேசுராஜாவின் வள்ளம் முன்னால் போயிற்று.

நான் முகப்பில் நின்றேன். அப்பா சுக்கானில். தொப்பி இல்லை.

தூரத்திலிருந்து பார்த்தால் கடல் தூங்குகிற மாதிரி இருந்தது. பாலத்தை நெருங்கினால் ஆறு மாதிரி ஓடுகிறது. நீரோட்டம் எங்களைத் தூணின் பக்கம் தள்ளியது. சேசுராஜா திரும்பி நின்று கத்தினார்: "மாலதி, எடத்தாண்ட அணை, எடத்தாண்ட!" இடது கையை நீட்டினேன். படகு உடனே திரும்பியது. எனக்கு முன்னால் போன மீன்படகின் இன்ஜின் இருமிவிட்டு நின்றது. அதன் பின்பக்கம் எங்களை நோக்கிக் குறுக்காக வந்தது. அதிலிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். கரையிலிருந்து யாரோ ஒன்று சொன்னார்கள். வேறு யாரோ அதற்கு நேர் எதிராக ஒன்று சொன்னார்கள். எல்லாமே எனக்குக் கேட்டது, எதுவுமே பயன்படவில்லை. நில். பின்னால். மாலதி மூச்சைப் பிடித்த மாதிரி நின்று, ஓட்டத்துக்கு எதிராக மெல்லப் பின்வாங்கினாள். அப்பாவின் காதில் அந்தக் கூச்சல் எதுவும் ஏறவில்லை. அவர் என் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அங்கே நிதானமாக இருந்தது அவர் ஒருவர்தான்.

மீன்படகு உயிர் பிடித்து விலகியது. கையை நேராக நீட்டினேன். போகலாம்.

அடியில் போகும்போது தலைக்கு மேல் இரும்பு. பாய்மர நுனி எங்கே இடிக்குமோ என்று பார்க்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. கையை இறக்கினால் அவருக்குச் செய்தி ஆகிவிடும். இறக்காமல் நின்றேன். நிழல் முடிந்து முகத்தில் வெளிச்சம் பட்டது. வடக்குக் கடல்.

சேசுராஜா வள்ளத்தை ஒட்டிக் கொண்டுவந்தார். "கையக் காமிச்சே கொண்டாந்துட்டீகளே. போலீஸ்காரியா நீ?"

"பிழை திருத்துறவ" என்றேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார்.

மே 21, புதன்

வடக்குக் கடல் சாதுவாக இருக்கிறது. இங்கே கரை அலையை மறித்துக்கொள்கிறது, பாய் மட்டும் நிறைகிறது. இன்ஜினை நிறுத்தி நேரமாகிவிட்டது. இட்லி சாப்பிட்டோம். காலையில் அப்பா ஒரு செல்லின் ஸ்டிக்கரைப் பிய்த்து, அதைத் தட்டின் மேல் காற்றில் வைத்து, ஒரு குழந்தைக்குக் காவல் இருக்கிற மாதிரி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் பார்க்காத மாதிரி கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

பிற்பகலில் முகப்பில் உட்கார்ந்து, மறந்துபோயிருந்த கூம்பை எடுத்துக் கச்சானை உடைத்துத் தின்றுகொண்டிருந்தேன்.

"எலி மாதிரி என்ன கொறிக்கிற?" என்றார் அப்பா, சுக்கானிலிருந்து, பாயையே அண்ணாந்து பார்த்தபடி.

"கச்சான்."

"விழுந்ததா, எழுந்ததா?"

"வறுத்தது" என்றேன். ஒரு நொடிகூடத் தாமதமில்லாமல் சிரித்தார். கண்ணைப் பாயிலிருந்து எடுக்காமல் கையை மட்டும் நீட்டினார். பாதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தொண்டிக்கு நேராக வந்தபோது சிக்னல் கிடைத்து அம்மா போன் செய்தாள். நான் முகப்புக்கே திரும்பியிருந்தேன்.

"பாலம் தாண்டியாச்சாமே. மெசேஜ் பார்த்தேன். அப்பா கேக்குறாரா?"

தினமும் கேட்கிற கேள்வி. இத்தனை நாளும் அதை நான் தப்பாகப் படித்திருக்கிறேன் என்று அப்போதுதான் தோன்றியது. துணை வேண்டும் என்று அவள் என்னிடம் சொன்னதையும் கூட.

"கேக்குறாரும்மா" என்றேன்.

 அந்தப் பக்கம் அம்மா பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, முதல் முறையாகக் கிண்டல் இல்லாமல், "மாலதி எப்படி இருக்கா?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்கு முன், படகின் அந்தக் கோடியிலிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

"நல்லா இருக்கான்னு சொல்லு."